கைக்குக் கை

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, நவம்பர்த் திங்கள் பதினெட்டாம் நாள், புதன்கிழமை. விடிந்தது முதல் வானம் தாழ இறங்கித் திருநெல்வேலி நகரத்தின் ஓட்டுக்கூரைகள்மேல் கவிந்து கிடந்தது. மழை பெய்யவில்லை, வெயிலும் எட்டிப்பார்க்கவில்லை, காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. ஈரம் ஏறிய கடைப்பலகைகள் உப்பிக்கொண்டு ஒன்றோடொன்று பொருந்த மறுத்தன. நண்பகல் கடந்த அந்நேரத்தில், தேர் நிற்கும் வீதியிலிருந்து மேற்கே பிரியும் சந்தில், நாட்டு மருந்துக்கடை நடத்திவந்த தீர்த்தாரப்பன் தம் வலக்கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு அதையே பார்த்தவாறு உட்கார்ந்திருந்தார். கையில் ஒன்றுமில்லை. சற்றுமுன் ஓர் ஆணி இருந்துவிட்டுப் போன கை அது. அவள் கையில்தான் கொடுத்தோமா, தட்டில்தான் வைத்தோமா? தட்டில்தான் வைத்திருப்போம், இத்தனை ஆண்டுப் பழக்கம் கையைக் கைவிடாது. இல்லை, அவள் கையில்தான் கொடுத்தோம். அவளுடைய விரல்நுனி உள்ளங்கையில் பட்டது, குளிர்ந்திருந்தது, பட்ட இடம் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. அவ்விடத்தை வேட்டியில் துடைத்தார். துடைத்த பிறகு, எதற்காகத் துடைத்தோம் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். ஒன்றுமே இல்லையென்றால் துடைப்பானேன்?

கடையின் முன்பக்கம் எல்லாக் கடைகளையும் போன்றதுதான். சுக்கு, திப்பிலி, வசம்பு, சதகுப்பை, பிள்ளைபெற்றவளுக்கு வேண்டிய காயமருந்து. அவற்றை வாங்க வருகிறவர்கள் சிரித்துப் பேசுவார்கள், பிள்ளையின் இருமலைப் பற்றிச் சொல்லுவார்கள், பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போவார்கள். பழுப்பேறிய திரை ஒன்றுக்குப் பின்னால்தான் மற்றொரு கடை இருந்தது. அங்கே எழுதாத செப்புத் தகடு, அதில் கோடு கீறும் எழுத்தாணி, தாயத்துக் குழல், தலையில் வளையம் வைத்த இரும்பு ஆணி, எலுமிச்சம்பழம் அறுக்கும் சூரிக்கத்தி, வெள்ளெருக்கு வேர், மை கூட்டுவதற்குத் தீய்த்த கொட்டாங்கச்சி, கறுப்புக் கயிறு, ஒருவர் பெயரைச் சொல்லிக் கயிறு சுற்றி ஆணி அறைவதற்கென்று முள்முருங்கைக் கட்டையில் செதுக்கிய சாண் நீளப் பாவைகள் ஆகியவை இருந்தன. தூத்துக்குடியிலிருந்தும் செங்கோட்டைக்கு அப்பாலிருந்தும் மாந்திரீகர்கள் ஆளனுப்பி வாங்கிப்போனார்கள். தீர்த்தாரப்பனுக்கு அவற்றில் நம்பிக்கை கிடையாது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். தாம் விற்பது இரும்பு, செம்பு, மரம். மந்திரம் வேறொருவன் வாயில் இருக்கிறது. அந்த வாய்க்கும் தமக்கும் என்ன தொடர்பு? ஆயினும் அந்தப் பின்கடைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை அவர் ஒருநாளும் மீறியதில்லை. யாருக்கு என்று கேட்கலாகாது. கைக்குக் கை கொடுக்கலாகாது. பொருளைப் பித்தளைத் தட்டில் வைத்து, ‘எடுத்துக்கிடுங்க’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். கையிலிருந்து கைக்குப் போனால், அந்தப் பொருளைக்கொண்டு வாங்கியவன் செய்கிற வேலையில் கொடுத்தவன் கையும் சேர்ந்துகொள்ளும் என்பது அத்தொழிலில் இருப்பவர்களின் அச்சம். அச்சம் அன்று, அஃது ஓர் ஒழுங்கு என்பார் தீர்த்தாரப்பன். தராசு பிடிப்பவன் முள்ளைப் பார்ப்பதுபோல ஓர் ஒழுங்கு. அந்த ஒழுங்கு இன்று பிசகிவிட்டது. பிசகியதும் அஃது ஒழுங்கு இல்லை, அச்சமேதான் என்று வேட்டியில் துடைத்த கையே காட்டிக்கொடுத்துவிட்டது.

அவள் எப்படி வந்தாள்? நிழல் விழாத பகலாதலால் வந்தது தெரியவில்லை. தராசிலிருந்து நிமிர்ந்தபோது பலகையருகே நின்றுகொண்டிருந்தாள். முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டு, முகத்தில் பாதியை அதற்குள் வைத்திருந்தாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும்.

“ஆணி இருக்கா அண்ணாச்சி? தலையில வளையம் வச்சது.”

“பூசை போட்டதா, போடாததா?”

“போடாதது. கறுப்புக் கயிறும் வேணும். பெறகு…” அவள் வீதியைத் திரும்பிப் பார்த்தாள். “பெறகு ஒரு பாவை.”

“திரைக்கு அந்தப்பக்கம் ரெண்டு இழுப்பறை இருக்கு. எடதுகைப் பக்கம் ஆணு, வலதுகைப் பக்கம் பொண்ணு. போயி நீங்களே எடுத்து மடியில வச்சிக்கிடுங்க. நான் பாக்க மாட்டேன்.”

“பாக்காண்டாம்,” என்றாள். “நீங்க பாக்காம இருக்கதுதான் எல்லாருக்கும் நல்லது.”

வழக்கம்போல் அவர் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். அறை திறக்கும் ஓசை கேட்டது. எந்த அறை என்று காது கவனிக்கவில்லை. அவள் திரும்பி வந்ததும் ஆணிகளையும் கயிற்றையும் தட்டில் வைத்தார். அந்தக் கணத்தில்தான் கைப்பேசி அலறியது. அவர் திடுக்கிட்டதில் தட்டு சரிந்து, ஆணி ஒன்று உருண்டு பலகையின் விளிம்புக்கு ஓடியது. மருமகள் மீனாவைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த மருத்துவமனையிலிருந்து மனைவி சொர்ணத்தம்மாள் பேசினாள்.

“ஏங்க, கேக்கியளா? பனிக்குடம் ஒடஞ்சிட்டு. மீனாவ உள்ள கொண்டு போயிட்டாவ. டாக்டரம்மா மொகமே சரியில்ல. போன தடவ மாதிரி ஆயிரக்கூடாதேன்னு எனக்கு ஈரக்கொலையே நடுங்குது.”

“நான் இப்பமே வாரேன்.”

“நீங்க வந்து என்னத்தப் பிடிக்கப் போறிய? வராண்டாம். நான் கூப்பிடுதேன், அப்பம் வந்தாப் போதும். கடையிலயே இரிங்க, சொன்னாக் கேளுங்க.”

இடக்கையில் கைப்பேசி; வலக்கை தானாக ஓடி, விழப்போன ஆணியைப் பிடித்தது; பிடித்த கை தானாக நீண்டது. அவள் உடனே வாங்கவில்லை. அவளுடைய கண் தட்டைப் பார்த்தது, பிறகு அவர் கையைப் பார்த்தது. பிறகு வாங்கிக்கொண்டாள். எல்லாவற்றையும் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பியபோதுதான் அவர் அந்தப் பையைப் பார்த்தார். மஞ்சள் துணிப்பை. பச்சை எழுத்து. ‘நெல்லைநாயகம் – மீனலோசனி’. தம் மகனுடைய திருமணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேங்காயும் வெற்றிலையும் பழமும் போட்டுத் தாமே வாசலில் நின்று கொடுத்தனுப்பிய தாம்பூலப் பை. ‘எம்மா’ என்று கூப்பிட வாயைத் திறந்தார். யாருக்கு என்று கேட்கலாகாது என்ற கட்டுப்பாடு தடுத்தது. வாயை மூடுவதற்குள் சந்து வெறிச்சோடிவிட்டது.

ஆக, அவள் திருமணத்துக்கு வந்தவள். அல்லது வந்தவர்கள் எவருடைய வீட்டிலிருந்தோ அந்தப் பையை எடுத்துக்கொண்டு வந்தவள். மண்டபத்தின் வாசலில் எத்தனை கைகள் நீண்டன, எத்தனை பைகள் போயின. அத்தனை வீடுகளையும் இப்போது நினைவில் ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்து பார்க்கமுடியுமா? திறந்துதான் பார்த்தார். சொர்ணத்தின் ஒன்றுவிட்ட தங்கைக்குத் தன் மகளை நெல்லைநாயகத்துக்குக் கொடுக்க ஆசை இருந்தது, சாப்பிடாமலே எழுந்துபோனாள். ஆனால் அவளுக்குத் துணிச்சல் ஏது? இடித்த வீட்டுச் சுவருக்காக வழக்காடிய பக்கத்து வீட்டுக்காரர் பரிசும் கொடுத்து, பந்தியிலும் உட்கார்ந்து, ‘ரசம் அருமை’ என்று வேறு சொன்னார். ரசத்தைப் பாராட்டியவன் பாவை வாங்குவானா? வாங்கலாம். இக்கடைக்கு வந்தவர்கள் எவருடைய முகத்திலும் கொம்பு முளைத்திருந்ததில்லையே. எல்லாரும் பேருந்தில் பக்கத்தில் உட்காரக்கூடிய முகங்கள்தாம். ஒருமுறை, வெள்ளை வெளேரென்று உடுத்திய ஒரு பெரியவர் பெண்பாவை ஒன்றை வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போது ‘இருமலுக்குச் சித்தரத்தை நல்லதாய்யா?’ என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தப் பாவை யாராயிற்று? இதுநாள்வரை அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றியதே இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து இறங்கிப்போன பாவைகளெல்லாம் இப்போது ஒருங்கே திரும்பிவந்து, பலகைக்கு அப்பால் வரிசையாக நின்று, ‘நாங்கள் யார் யார்?’ என்று கேட்பதுபோல இருந்தது. மரம்தானே, வெறும் மரம். முள்முருங்கை, நகம் கொண்டு கீறினால் கீறல் விழும். மீனாவின் கன்னமும் அப்படித்தான். மெலிந்து, வெளுத்து, தொட்டால் கன்றிவிடும்போல.

போன தடவை மாதிரி என்றாளே சொர்ணம். போன தடவை என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை, கரு தங்கவில்லை, ஆயிரம் பெண்களுக்கு நடப்பது. மசக்கையில் மருமகள் ஒன்றும் உண்ணாமல் கிடக்கிறாளே என்று, சந்தையில் தேடி, வெடிக்கும் பருவத்தில் ஒரு மாதுளம்பழம் வாங்கிவந்தார். தாமே உரித்து, முத்துகளை உதிர்த்து, ‘தின்னு தாயி’ என்று அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் சிரித்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அந்தச் சிவப்பு. அடுத்த வாரம் வீட்டின் பின்கட்டில் சிமிட்டித் தரையைச் சொர்ணம் தண்ணீர்விட்டுக் கழுவிக்கொண்டே இருந்தாள். வேண்டாம், அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று மனத்தை இழுத்தார். அது முரண்டுபிடிக்கும் மாடுபோல அந்த மாதுளம்பழத்தண்டையே போய் நின்றது. அப்போது சம்பந்தியம்மாள் உலகம்மாள் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தாள். மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். மருந்துக்கென்று காயவைத்திருந்த மாதுளம்பழத் தோல் கிடந்த தட்டைக் காலால் நகர்த்தி வைத்தாள். துயரத்தில் இருப்பவள், காலால் நகர்த்தினால் என்ன, கையால் நகர்த்தினால் என்ன? நிச்சயதார்த்தத்தின்போதும் இப்படித்தான், தட்டு மாற்றும் வேளையில், கணவரை இழந்தவளாகையால் தான் மாற்றக்கூடாது என்று தம்பியை முன்னே தள்ளினாள். அந்தத் தம்பியும் தட்டைக் கையில் தராமல் சமுக்காளத்தில் வைத்து, இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிச் சிரித்தான். பாவம், நல்ல மனிதர்கள். இந்த நேரத்தில் அவர்களை ஏன் நினைக்கவேண்டும்? நினைக்கவேண்டியது அந்தப் பையை. பைக்குள் இருந்த பாவையை. அந்தப் பாவை பெண்ணா, ஆணா?

பெண்ணென்றால் மீனா. அதற்குமேல் எண்ணத் தேவையில்லை. உள்ளே கொண்டுபோயிருக்கும் மீனா. எழுந்தார். திரையை விலக்குவதற்கு வலக்கை முன்சென்றது. அதை இழுத்துக்கொண்டு இடக்கையால் விலக்கினார். வலப்பக்கத்து அறையைத் திறந்தார். பெண்பாவைகள் ஒன்றையொன்று ஒட்டி, தூசி படிந்து, கண் செதுக்காத முகங்களோடு வரிசை குலையாமல் படுத்திருந்தன. மூச்சு வந்தது. மீனா இல்லை, மீனா தப்பித்தாள். இடப்பக்கத்து அறையைத் திறந்தார். வரிசையின் நடுவில், தூசி இல்லாமல், ஓர் ஆள் எழுந்துபோன பாய்போல, ஒரு சுத்தமான இடம் இருந்தது. ஆண். ஆணென்றால்? வந்த மூச்சு பாதியில் நின்றது. நெல்லைநாயகம் மோட்டார் சைக்கிளில் அல்லவா போயிருக்கிறான்; ரத்தம் வாங்கிவரச் சொன்னால் தலைகால் தெரியாமல் ஓட்டுவானே, ஆற்றுப் பாலத்தில் லாரிகள் எப்போதும் முட்டிக்கொண்டு நிற்குமே. அல்லது இன்னும் பிறக்காத ஆண். தலை வெளியே வராத, பெயர் வைக்காத, ஆணா பெண்ணா என்று எவருக்கும் தெரியாத ஒன்றின்மீது கயிறு கட்டமுடியுமா? முடியும் என்று அவருக்குத் தெரியும். கேட்டிருக்கிறார். கேட்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு எவ்வளவு கேட்டிருக்கிறார்! கயிறு யாருடையது? தம்முடையது. ஆணி? தம் கையிலிருந்தே போனது. என் கையாலேயே என் குலத்துக்கு ஆணி எடுத்துக்கொடுத்தேனா? உரக்கச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து வாயைப் பொத்தினார். பொத்திய கை வலக்கை என்று உணர்ந்ததும் அதை வாயிலிருந்து பிடுங்கினார்.

“என்ன அண்ணாச்சி, தனியாப் பேச ஆரம்பிச்சாச்சா?”

பக்கத்து வெற்றிலைக் கடைக்காரன் மாசானமுத்து, வாயில் குதப்பிய வெற்றிலையோடு, பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“ஒண்ணுமில்லடே.”

“ஒண்ணுமில்லையா? மொகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு. உங்க கடையக் கண்டா பேயே ஓடுமேன்னுல்லா நான் நெனச்சிக்கிட்டு இருக்கேன்! பேரப்பிள்ள வரப்போற நேரம், வெத்தல போடுங்க.” மடித்த வெற்றிலையை நீட்டவில்லை, பலகையின்மேல் வைத்து, இரண்டு விரலால் அவர் பக்கம் தள்ளினான்.

அந்த விரல்களைத் தீர்த்தாரப்பன் பார்த்தார். “மாசானம், ஏன்டே கீழ வைக்க? கையில தரப்பிடாதா?”

மாசானமுத்து சிரித்தான், பிறகு சிரிப்பைக் குறைத்துக்கொண்டான். “என்ன அண்ணாச்சி புதுசாக் கேக்கிய? இத்தன வருசமா இப்படித்தான வைக்கேன். உங்க கட வழக்கந்தான அது?”

இத்தனை வருடமாகவா? வெற்றிலை வாயில் கசந்தது. மனைவியின் எண்ணுக்கு அழைத்தார்; மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மகனுக்கு அழைத்தார், தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறான் என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது. எந்த எல்லைக்கு வெளியே? மறுபடியும் மனைவிக்கு. அந்த மணியோசை காதுக்குள் ஆணி இறங்குவதுபோல, விட்டு விட்டு, ஒரே இடத்தில் இறங்கியது. வராண்டாம் என்றாளே, சொன்னால் கேளுங்க என்றாளே, ஏன் வரக்கூடாது? உப்பிய பலகைகள் பொருந்தவில்லை. பொருந்தாதவற்றை அப்படியே சாத்திவைத்துவிட்டு, “பாத்துக்கோடே” என்று மாசானமுத்துவிடம் சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

பாளையங்கோட்டைக்குப் போகும் நகரப்பேருந்தில் இடம் இல்லை. மேற்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முன்னால் ஒரு பெண்ணின் தோளில் கிடந்த குழந்தை அவரைப் பார்த்துக் கையை ஆட்டியது. அவர் பார்வையைச் சன்னலுக்கு மாற்றிக்கொண்டார். யாரையும் பார்க்கக்கூடாது, எதையும் தொடக்கூடாது, வீடு போய்ச் சேரும்வரை என்று எண்ணினார். பிறகு, போகிற இடம் வீடு அன்று என்று நினைவு வந்தது. சீட்டைக் கிழித்து நீட்டிய நடத்துநரின் விரலிலிருந்து அதை வாங்குவதற்குள் வியர்த்துவிட்டது. பாலத்தில் பேருந்து ஊர்ந்தது. கீழே ஆறு செம்மண் நிறத்தில், ஓசையில்லாமல், நிரம்பிப் போய்க்கொண்டிருந்தது. லாரி ஒன்று நின்றது; கும்பல் ஒன்று நின்றது; கும்பலின் நடுவில் மோட்டார் சைக்கிள் ஒன்று சாய்ந்து கிடந்தது. கண்ணை மூடினார். ‘இளநீ வண்டிக்காரன்கூடச் சண்டை போடுதான்’ என்று யாரோ சொன்னார்கள். திறந்து பார்த்தபோது, அது சிவப்பு நிற வண்டி; மகனுடையது கறுப்பு. இறைவா, கறுப்புதானே? சென்ற வாரம்வரை கறுப்பு. எதையாவது வேண்டிக்கொள்ளலாம் என்று தோன்றியது. எந்தச் சாமியை? எல்லாச் சாமிக்கும் அவரைத் தெரியும். எல்லாச் சாமியின் கையிலும் இருக்கிற வேலும் சூலமும் கத்தியும் அவர் கடையிலும் சிறியதாகத் தொங்குகின்றன. கடைக்காரனாகத்தான் தெரியும். கடைக்காரன் வேண்டினால் சாமி என்ன செய்யும்? யாருக்கு என்று கேட்கலாகாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போதுதான், கம்பியைப் பிடித்திருந்த வலக்கை மணிக்கட்டிலிருந்து மரத்துப்போயிருப்பது தெரிந்தது. நெடுநேரம் தூக்கிப் பிடித்ததால் மரத்திருக்கும். இறக்கினார், உதறினார். இடக்கையை மாற்றிப் பிடித்தார். சிறிது நேரத்தில் அதுவும் மரத்தது. இரண்டு மணிக்கட்டுகளையும் யாரோ சேர்த்துப் பிடித்திருப்பதுபோல, வலிக்காமல், இறுக்கமாக, ஒரு மரப்பு.

மருத்துவமனையின் மாடிப்படி ஏறி, பினாயில் வாடை அடிக்கும் நடையில் திரும்பியதும் அந்தப் பையைப் பார்த்தார். தண்ணீர்க் குழாயருகே அவள் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை தலையில் இல்லை. முழு முகமும் தெரிந்தது. அவரைக் கண்டதும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். இங்கேயே வந்துவிட்டாளா? பிரசவ அறையின் வாசல்வரை வந்துவிட்டாளா? ‘ஏட்டி’ என்று அதட்டுவதற்கு நாக்கு எழுந்தது. அதற்குள் நெல்லைநாயகம், உயிரோடு, முழுதாக, சட்டை கசங்கி, பல்லெல்லாம் தெரிய ஓடிவந்தான்.

“அப்பா! பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. போன்ல சார்ஜே இல்லப்பா, இப்பம்தான் உங்களுக்குச் சொல்ல ஓடிவந்தேன். அம்ம ஒண்ணும் சொல்லலையா?”

பெண்பிள்ளை. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஆண்பாவை? மகிழ்ச்சி வருவதற்கு முன்பாகக் கேள்வி வந்துவிட்டது. கால்கள் அறைக்குள் போயின. மீனா கண்மூடிக் கிடந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. சொர்ணத்தம்மாள் சன்னலருகே நின்றாள். அவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் தோன்றியது வரவேற்பு அன்று. கட்டிலின் அப்பக்கத்தில் உலகம்மாள், வெள்ளைத் துணியில் சுற்றிய பிள்ளையைத் தோளோடு அணைத்தபடி நின்றாள். தீர்த்தாரப்பன் இரண்டு கைகளையும் நீட்டினார். அவை மரத்துப்போனவை என்பதே அவருக்கு அப்போது மறந்துவிட்டது.

உலகம்மாள் அந்தக் கைகளைப் பார்த்தாள். ஓரடி பின்வாங்கினாள். பிறகு குனிந்து, பிள்ளையைக் கட்டில் விளிம்பில் விரித்திருந்த துணியின்மேல் மெல்லக் கிடத்திவிட்டு, கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

“எடுத்துக்கிடுங்க சம்மந்தி,” என்றாள்.

அந்தச் சொல்லை அவர் நன்கு அறிவார். அந்தக் குரலையும் அறிவார்; மரியாதையானது, ஒட்டாதது, தன்மேல் எதுவும் தெறித்துவிடாமல் பார்த்துக்கொள்வது. சமுக்காளத்தில் வைத்த தட்டு, காலால் நகர்த்தப்பட்ட மாதுளந்தோல், இரண்டு விரலால் தள்ளப்பட்ட வெற்றிலை எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டன. நண்பகலிலிருந்து அவர் ஒவ்வொருவராகத் தேடினார்; மகனைத் தேடினார், மருமகளைத் தேடினார், பிறவாத பிள்ளையைத் தேடினார். தேடுகிற ஆளை விட்டுவிட்டார். குனிந்து துணியின் ஓரத்தை மட்டும் தொட்டார். பிள்ளை முகத்தைச் சுளித்தது. நிமிர்ந்து, நடைக்கு வந்தார்.

சொர்ணத்தம்மாள் பின்னாலேயே வந்தாள். மாடிப்படியில் நின்று, முந்தானை நுனியைத் திருகியபடி பேசினாள்.

“கொழாயடியில நிக்காள்லா, அவ சம்மந்தியோட தம்பி பொஞ்சாதிதான். கல்லிடக்குறிச்சிக்காரி. கல்யாணத்துல பாத்திருப்பிய, நெனவு இருக்காது. கோவப்படாதிய. அந்த மாதுளம்பழத்த அவுக மறக்கல. இந்தத் தடவயும் ஏதாவது ஆயிட்டுன்னா மகளத் திருப்பி அனுப்ப மாட்டேன்னுட்டாவ.”

“பாவை எம் பேர்லயா?”

“கெடுதலுக்கு இல்லங்க. சத்தியமா இல்ல. உங்க கைய மட்டுந்தான் கெட்டினாவ. பிள்ள பெறந்து வீடு சேருத வரைக்கும்.”

“என் கடையிலயேவா வாங்கணும்?”

“யாரு கைய கெட்டணுமோ அவுககிட்டயே வாங்கினாத்தான் பிடிக்குமாம்,” என்றாள் சொர்ணத்தம்மாள். “கையில வாங்கினா இன்னும் விசேசமாம். கெடைக்காதுன்னு நெனச்சாளாம், நீங்களே கையில எடுத்துக் குடுத்துட்டியளாம்.”

“உனக்கு எப்பம் தெரியும்?”

“நானும் பயந்துதான சரின்னேன்,” என்றாள்.

எப்போது கட்டினார்கள் என்று கேட்க நினைத்தார். கேட்டால், தாம் பேருந்தில் நின்ற நேரம் என்று விடை வந்துவிடக்கூடும். கேட்கவில்லை.

பின்னர் நடந்தவை வருமாறு. மீனலோசனி சில நாளில் வீடு திரும்பினாள். பிள்ளைக்கு உலகநாயகி என்று, தாய்வழிப் பாட்டியின் பெயரைத் தழுவிப் பெயரிட்டார்கள். பாவையின் கட்டை அவிழ்த்தார்களா, அது எங்கே இருக்கிறது என்று தீர்த்தாரப்பன் எவரிடமும் கேட்டதில்லை. கைமரப்பு வடிந்துவிட்டது, ஈரக்காற்று அடிக்கும் நாள்களில் மட்டும் திரும்பிவரும். பின்கடையை அவர் மூடவில்லை. மூடினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும் என்று எண்ணினார். வீட்டில் பிள்ளையை அவருக்குக் கொடுக்கவேண்டிய போதெல்லாம் பாயிலோ தொட்டிலிலோ கிடத்திவிட்டு விலகினார்கள். அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். கிடத்துகிறவர்களுக்கும் அவருக்கும் அது நாளடைவில் வழக்கமாகிவிட்டது. மாமியார் இல்லாத ஒருநாள், மீனலோசனி பிள்ளைக்கு வசம்பு வாங்குவதற்காகக் கடைக்கு வந்தாள். தளர்நடை பழகியிருந்த பிள்ளை திரைக்குள் புகுந்து, கீழே சிந்திக் கிடந்த வளையம் வைத்த ஆணி ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வந்து, ‘ந்தா’ என்று தாத்தாவிடம் நீட்டியது. அவர் பித்தளைத் தட்டை எடுத்து அதன்முன் நகர்த்தினார். பிள்ளைக்குத் தட்டு விளங்கவில்லை. கையை ஆட்டி மறுபடியும் ‘ந்தா’ என்றது. அவர் மருமகளைப் பார்த்தார். மீனலோசனியின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் தடுக்கவில்லை. தீர்த்தாரப்பன் வலக்கையை நீட்டினார். பிள்ளை அதில் ஆணியை வைத்து, வைத்த கையாலேயே அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது. ஆணி வெதுவெதுப்பாக இருந்தது.